ஹெல்த்திபை பலகை: எம்ஆர்ஐ அறைச் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக, நூலில் கட்டிய காந்தத் துண்டு ஒன்றை ஹெல்த்திபை என்ற மின்சுற்றுப் பலகையின் மேல் மெல்ல நகர்த்திப் பார்த்தேன். பழைய ஹார்டு டிஸ்க்கை உடைத்து எடுத்த காந்தம். கட்டியது வீட்டுத் தையல் நூல். சில்லுகளின் மேல் வரும்போது நூல் நேராகத் தொங்கியது. விரல் சென்சார் செருகும் ஒன்பது முனை கனெக்டரை நெருங்கியதும் சாய்ந்து, அதன் பக்கத்துத் திருகுமரையில் போய் ஒட்டிக்கொண்டது. மின்கலத்தின் அருகிலும் லேசான இழுப்பு தெரிந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மேசைமேல் வைத்து ஈசிஜியும் நாடித்துடிப்பும் பார்ப்பதற்காகச் செய்த பலகை இது. எம்ஆர்ஐ அறைக்குள், அதாவது பெரும் காந்தம் ஒன்றின் அருகே, கொண்டுபோகலாம் என்று செய்தவர்கள் எங்கும் சொல்லவில்லை. அந்த ஆசை என்னுடையது. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி பலகையைப் பற்றியும், மீதி என் ஆசை பட்ட பாட்டைப் பற்றியும் இருக்கும்.

கோவையில் ஒரு மருத்துவமனையில், கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது 1.5 டெஸ்லா இயந்திரம்; டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு. அந்த அறைக்கென்றே செய்த நோயாளி மானிட்டர் ஒன்றும் இருந்தது. வார்டு மானிட்டரின் விலையைப் பல மடங்கு தாண்டும் பொருள் அது. ஒருநாள் அதில் ஆக்சிஜன் எண் வருவது நின்றுபோனது. ரத்த அழுத்தம் சரி, மூச்சு சரி. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு சிறு கோடுகள். விற்ற நிறுவனத்துக்கு எழுதினோம். அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் இனி வராது, புதிய மாடலுக்கு விலைப்புள்ளி அனுப்புகிறோம் என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விலைப்புள்ளி மட்டும் மறுநாளே வந்துவிட்டது. நிறுவனத்தின் பெயர் எதற்கு? இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதே கடிதம் வேறு வேறு தலைப்புத்தாளில் வந்திருக்கும்.

அதன்பிறகு பல வாரங்களுக்கு, மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டிய குழந்தைகளை எல்லாம் வேறிடத்துக்கு அனுப்பினோம். நான்கு வயதுக் குழந்தை அரை மணி நேரம் அசையாமல் படுக்காது. டிரைக்ளோஃபாஸ் சிரப்போ ஊசியோ கொடுத்துத் தூங்க வைப்பார்கள். தூங்கும் குழந்தைக்கு மூச்சு மந்தமானால் வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? முகம் காந்தக் குழலுக்குள் இருக்கிறது; உதட்டின் நிறம் தெரியாது. இயந்திரம் போடும் சத்தத்தில் குறட்டை நின்றுபோனதும் கேட்காது. கண்ணாடிச் சன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மயக்க மருத்துவருக்கு அந்த ஆக்சிஜன் எண்தான் கண்ணும் காதும்.

வார்டில் இருக்கும் சாதாரண விரல் சென்சாரை மாட்டிவிடலாமே என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். கேட்டது நல்ல மனதோடுதான். ஆனால் 1.5 டெஸ்லா இயந்திரம் ஒவ்வொரு படத்துக்கும் 64 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ரேடியோ அலையை உடம்புக்குள் செலுத்துகிறது. விரலிலிருந்து கிளம்பும் செப்புக் கம்பி அந்த அலைக்கு ஆன்டெனா. சுருண்டு கிடந்தால் இன்னும் மோசம். சென்சார் மாட்டிய விரல் ஆழமாக வெந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மயக்கத்தில் இருக்கும் குழந்தை சுடுகிறது என்று சொல்லவும் சொல்லாது. இரும்பு கலந்த பொருளின் கதை வேறு: 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒருவர் உயிரிழந்தார்.

பழுதான மானிட்டரின் உறையைக் கழற்றினேன். விரலில் மாட்டும் பகுதியில் மின்சாரமே இல்லை. இரண்டு கண்ணாடி இழைக் கற்றைகள், அவ்வளவுதான். ஒன்றில் சிவப்பும் அகச்சிவப்பும் மாறி மாறிப் போகின்றன; விரலைக் கடந்த ஒளி மற்றொன்றில் திரும்பி வருகிறது. 1974-ல் ஜப்பானின் நிஹான் கோடென் நிறுவனத்தில் தகுவோ அவோயாகி கண்டறிந்த அதே வழி. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரு நிறங்களையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. ஒளியில் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு கிடைத்துவிடும். போயிருந்தது ஒளி அனுப்பும் சிறு பலகை. அதிலிருந்த சில்லுகளின் மேல் எழுத்தையெல்லாம் சுரண்டி எடுத்திருந்தார்கள். எந்தச் சில்லு என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்? என் பணிக்காலத்தில் உண்மையாகவே கோபம் வந்த நாட்கள் சில, அது ஒன்று.

அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் ஹெல்த்திபை. பெங்களூரில் இருக்கும் புரோட்டோசென்ட்ரல் நிறுவனத்தின் பலகை. சுற்று வரைபடம், பலகையின் வடிவக் கோப்புகள், நிரல் மூன்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வன்பொருளுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், மென்பொருளுக்கு எம்ஐடி உரிமம். நான் வாங்கியது நான்காம் பதிப்பு. அதற்குப் பிறகு ஐந்தாவதும் வந்துவிட்டது. கூடவே வாங்கிய சில்லறைச் சாமான்களையும் சேர்த்தால் ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலை. என் சம்பளத்திலிருந்து வாங்கினேன். வீட்டில் கைப்பேசி வாங்கியதாகவே சொல்லியிருக்கலாம். கேள்வி குறைவாக இருந்திருக்கும்.

பலகையின் மூளை ஈஎஸ்பி32. ஈசிஜிக்கு ஏடிஎஸ்1292ஆர், ஆக்சிஜனுக்கு ஏஎஃப்ஈ4490, உடல் வெப்பத்துக்கு மேக்ஸ்30205. எந்தச் சில்லிலும் எழுத்து அழிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் தகவல் ஏட்டையும் அதைச் செய்த நிறுவனமே இலவசமாகக் கொடுக்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் மேல் உட்கார வைக்கலாம், தனியாகவும் இயங்கும். வந்த அன்று மாலையே கணினித் திரையில் என் இதயத்தின் அலையும் விரலின் அலையும் ஓடின. இடது விரலில் இது, வலது விரலில் வார்டு மானிட்டர் என்று மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டும் இரண்டு எண்ணுக்கு மேல் விலகவில்லை. பயோமெடிக்கல் படிக்கும் பிள்ளைகள் இதோடு நிறுத்திக்கொண்டாலே கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

நான் நிறுத்தவில்லை. விரல் சென்சார் ஒன்றைப் பிளந்து, அதன் எல்இடியையும் ஒளி உணரியையும் தனியே எடுத்து, இடையில் ஒளியிழையை நுழைக்க வேண்டும். முதலில் பிளாஸ்டிக் இழை வாங்கினேன். ஆடியோ பெட்டிகளுக்கு வருமே, ஒரு மில்லிமீட்டர் தடிமனில், அதுதான். சிவப்பு ஒளி தாராளமாகப் போனது. அகச்சிவப்பு பாதி வழியிலேயே செத்துவிட்டது. அக்ரிலிக் வகை பிளாஸ்டிக் 650 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாகக் கடத்தும். 900-ஐ ஒட்டி அதுவே ஒளியை விழுங்கும். ஆக்சிமீட்டருக்கு இரண்டும் வேண்டும். அறுநூறு ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயின.

கண்ணாடி இழைக்கு எங்கே போவது? மருத்துவமனையின் கழிவுக் கிடங்கிலேயே இருந்தது. லேப்ராஸ்கோபி ஒளிப்பெட்டிக்கு வரும் லைட் கேபிள் என்பது தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றைதான். ஒரு முனையைச் சன்னலுக்குக் காட்டி மறுமுனையைப் பார்த்தால் உடைந்த இழைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும், எள் தூவிய தட்டையைப்போல. புள்ளிகள் பெருகியதும் அறுவை அரங்கில் கேபிளைக் கழித்துவிடுவார்கள். எழுத்துபூர்வமாகக் கேட்டு, எள் குறைவாக இருந்த இரண்டை எடுத்துக்கொண்டேன்.

நூல் காந்தத்தைக் கொண்டுபோனேன். கேபிளின் முழு நீளத்துக்கும் இழுத்தது. சிலிக்கான் உறையைக் கத்தியால் கீறினால் உள்ளே எஃகுச் சுருள். கேபிள் மடங்கி இழை முறியாமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சுருளை உருவி எடுக்க இரண்டு இரவு ஆனது. உறை போனதும் கற்றை அவிழ்ந்த கூந்தல்போல ஆகிவிட்டது. அதை மீன்தொட்டிக் காற்றுக்குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினேன். கையுறை போட்டிருந்தேன், ஆனாலும் இரவு ரசம் சாதம் பிசையும்போதுதான் விரல்களில் எத்தனை கண்ணாடி முள் ஏறியிருக்கிறது என்று தெரிந்தது. செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன். இதைச் செய்ய நினைப்பவர்கள் தடித்த கையுறையும் கண் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம்.

விரல் கவ்விக்கும் இழையின் முனைகளுக்கும் உலோகம் இல்லாத, குப்பிபோன்ற சிறு உறைகள் வேண்டியிருந்தன. கணபதி பகுதியில் ஒரு லேத்துப் பட்டறைக்கு டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் வெள்ளைத் தண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் என் படத்தை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்தப் பம்புக்குங்க?”

“பம்புக்கு இல்லை அண்ணா. குழந்தை விரலில் மாட்டுவது.”

முடித்து வைத்திருந்ததை மறுபடி லேத்தில் ஏற்றி, ஓரத்தை இன்னும் மழுக்கிக் கொடுத்தார்.

குப்பிக்குள் இழைகளை எபாக்சி ஊற்றி இறுக்கி, முனையைச் சமமாக வெட்டி, 400, 800, 2000 என்று தண்ணீர் தொட்ட எமரித் தாளில் தேய்த்தேன். கண்ணாடிபோல ஆன பிறகும், திரும்பி வந்த ஒளி மிகக் கொஞ்சம். திரையில் அலை வரவே இல்லை. புல்தரைபோல இரைச்சல் மட்டும் இருந்தது. பலகையின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது இந்த இடத்தில்தான். ஒளியை மின்னழுத்தமாக மாற்றிப் பெருக்கும் மிகைப்பியின் மின்தடையை ஏஎஃப்ஈ4490-ல் 10 கிலோ ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை நிரல் வழியாகவே மாற்றலாம். நிரலைத் திறந்து, அந்த ஒரு வரியைத் தேடி, உச்சத்துக்கு ஏற்றினேன். எல்இடியின் மின்னோட்டத்தையும் கூட்டினேன். அலை எழுந்தது. பழுதான அந்த விலையுயர்ந்த மானிட்டரில் இந்த ஒரு வரியை மாற்ற எனக்கு அனுமதியும் கிடையாது, வழியும் கிடையாது.

ஒளி இத்தனை குறைந்தால் எண் தப்பாக வராதா என்று பலர் கேட்டார்கள். இரு நிறங்களிலும் துடிக்கும் பங்கை அதே நிறத்தின் நிலையான பங்கால் வகுத்துவிட்டுத்தான் ஒப்பிடுகிறோம். ஆகவே வழியில் ஆகும் இழப்பு கணக்கில் அடிபட்டுப் போகும். இரைச்சல் கூடும், விகிதம் பெரிதாக மாறாது. குறைந்தது, இயல்பான அளவுகளில் மாறவில்லை. தாழ்ந்த அளவுகளின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கேபிள்கள் மூன்று மீட்டரைத் தொடவில்லை. காந்தக் குழலின் நடுவிலிருந்து சுவரைத் தாண்டிப் போக அது போதாது. ஆகவே முதல் முயற்சியில் பலகையும் அறைக்குள்ளேயே போக வேண்டியதாயிற்று. இரும்புத் திருகுமரைகளைக் கழற்றி நைலானுக்கு மாற்றி, செப்புத் தகட்டில் பெட்டி செய்து, அதைச் சுவரோரம் மரச்சட்டத்தில் கயிற்றால் கட்டினேன். ரேடியாலஜி தலைவரின் அனுமதியோடு, பராமரிப்பு நடக்கும் ஓர் இரவில், நோயாளி யாரும் இல்லாத நேரம். எங்கள் மூத்த ரேடியோகிராஃபர் அக்கா வாசலில் நின்றார்.

“தம்பி, உள்ளே போகும் ஒவ்வொன்றும் முதலில் என் கைக்கு வர வேண்டும். உங்கள் பேனாவும்தான்.”

சட்டைப்பையில் பேனா இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

குழலுக்குள் நோயாளிக்குப் பதில் சோதனைக்கான திரவப் புட்டி. வழக்கமான படங்கள் சுத்தமாக வந்தன. எனக்கு உள்ளூரக் குதூகலம். பிறகு அக்கா டிஃப்யூஷன் என்ற ஸ்கேன் வரிசையை ஓட்டினார். பக்கவாதம் பார்க்க எடுப்பார்களே, அந்த வரிசை. படத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழே விட்டு விட்டு ஒளிரும் புள்ளிக்கோடு, தைத்து வைத்த ஜிப் மாதிரி. அக்கா பேனா முனையால் காட்டினார். “இது உங்கள் பெட்டிதான். போய் அணைத்துவிட்டு வாருங்கள்.” அணைத்தேன், கோடு போயிற்று. மறுபடி இயக்கினேன், வந்து நின்றது.

வீட்டுக்குப் போய் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். ஏஎஃப்ஈ4490-க்கு நேரம் சொல்வது 8 மெகாஹெர்ட்ஸ் படிகம். படிகத்தின் இரைச்சல் அதன் மடங்குகளிலும் கசியும்; எட்டாவது மடங்கு 64. டெஸ்லாவுக்கு 42.58 வீதம் 1.5 டெஸ்லாவில் நீரின் ஹைட்ரஜன் பதில் சொல்வது 63.87-ல். வித்தியாசம் 0.13 மெகாஹெர்ட்ஸ்தான். சாதாரண வரிசைகள் தம் அலைவரிசையைச் சுற்றிக் குறுகலாகக் கேட்கும். 64-ல் யாரோ முனகுவது அவற்றின் காதில் விழாது. டிஃப்யூஷன் காதை அகல விரித்துக் கேட்பது. ஆகவே படிகத்தின் முனகல் படத்தில் கோடாக விழுந்தது. இயந்திரத்தை 3 டெஸ்லாவுக்கு மாற்றினாலும் தப்ப முடியாது. பதினாறாவது மடங்கு 128, அந்த இயந்திரம் கேட்பது 127.7. என் செப்புப் பெட்டியின் மூடி ஓரத்தில் இருந்த இடுக்கு அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. வரைபடம் கையில் இல்லாவிட்டால் இந்தக் கோட்டின் ஊற்றைத் தேடி ஆறு மாதம் அலைந்திருப்பேன். அன்று இரவு சாப்பிட்டு முடிப்பதற்குள் கண்டுபிடித்தேன்.

இன்னொரு பாடமும் அந்த இரவில் கிடைத்தது. மின்கலத்திலிருந்து 5 வோல்ட் எடுக்க நானாகச் சேர்த்த சிறு பலகையில் ஃபெரைட் சுருள் ஒன்று உண்டு. காந்தத்துக்கு அருகே கொண்டுபோனால் ஃபெரைட், அதாவது சுருளின் காந்தப் பண்புள்ள உள்ளீடு, மேலும் காந்தம் ஏறாமல் தெவிட்டிவிடும். சுருள் வெறும் கம்பியாகிவிடும். இரண்டு அடி முன்னே நகர்த்தியதும் அந்தப் பலகை தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. இன்னும் அடர்ந்த பெட்டி, இன்னும் நல்ல வடிகட்டி என்று போகலாம், போகிறவர்கள் போகட்டும். நான் பலகையை அறையைவிட்டே வெளியேற்ற முடிவு செய்தேன்.

எம்ஆர்ஐ அறை முழுவதும் செப்புக் கூண்டுக்குள் இருக்கிறது. அந்தக் கூண்டில் ஒரு குழாயை விட்டிருப்பார்கள். விட்டத்தைவிடப் பல மடங்கு நீளமான உலோகக் குழாய். அதன் வழியே ஆக்சிஜன் குழாய், ஒளியிழை எல்லாம் போகலாம், 64 மெகாஹெர்ட்ஸ் அலை நுழையாது. ஒரே நிபந்தனை: கடந்துபோகும் பொருளில் உலோகம் இருக்கக் கூடாது. ஒற்றைக் கம்பி நுழைந்தாலும் வெளி உலகத்து ரேடியோ இரைச்சலை அது உள்ளே இழுத்து வந்துவிடும். அப்படியானால் நம்மால் அனுப்ப முடிந்தவை இரண்டுதான்: ஒளியும் காற்றும்.

ஒளிக்கு எட்டு மீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைக் கற்றை இரண்டைச் சொல்லிச் செய்ய வேண்டியதாயிற்று. பழைய கேபிள்களை ஒட்டுப்போட்டுப் பார்த்தேன்; ஒட்டில் போகும் ஒளி தாங்க முடியாத அளவு. புதிய கற்றைகளின் விலை பலகையின் விலையைத் தாண்டிவிட்டது. இந்தத் திட்டத்தில் இறங்க நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். சில்லுகள் மலிவு. சுவரைத் தாண்டும் எட்டு மீட்டர்தான் செலவு.

காற்றுக்கு யோசனை இயந்திரத்திலேயே இருந்தது. நோயாளி கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுப்பார்கள். பயம் வந்தால் அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். அதில் மின்சாரம் இல்லை, காற்றழுத்தம்தான் குழாய் வழியே போகிறது. அதே வழியில், குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கஃப்பின் ரப்பர்ப் பையைப் பாதி காற்றோடு துணிப் பட்டைக்குள் வைத்து வயிற்றில் கட்டினேன். குழாயின் மறுமுனையில், சுவருக்கு வெளியே, சிறு அழுத்த சென்சார். அதை ஹெல்த்திபையில் வெப்ப சென்சார் பேசும் அதே இரண்டு கம்பிகளில் தொங்கவிட்டு, நிரலில் முப்பது வரி சேர்த்தேன். மூச்சு ஏறி இறங்குவது திரையில் அலையாக வந்தது. பலகையிலேயே மூச்சு பார்க்கும் வசதி உண்டு. ஆனால் அது மார்பில் ஒட்டிய மின்முனைகளின் மின்தடை மாற்றத்தை அளப்பது, கம்பி இல்லாமல் நடக்காது. மொத்தத் திட்டத்திலும் ஒரே முயற்சியில் வேலை செய்தது இந்த ரப்பர்ப் பை மட்டும்தான்.

உள்ளே முதலில் படுத்தது நான். உலோகம் எதுவும் இல்லை என்று அக்கா இரண்டு முறை சரிபார்த்தார், காதில் பஞ்சடைப்பான், வயிற்றில் பட்டை, நடுவிரலில் வெள்ளைக் கவ்வி. குழலின் கூரை மூக்கிலிருந்து ஒரு சாண். ஸ்கேன் தொடங்கியதும், தகரக் கொட்டகையின் மேல் யாரோ தேங்காய்களை ஒரே தாளத்தில் போடுவதுபோல இருந்தது. ஏற்கெனவே சொல்லி வைத்தபடி ஐம்பது விநாடி மூச்சைப் பிடித்தேன். வெளியே இருந்த இளநிலைப் பொறியாளர் ஒலிபெருக்கியில் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். 98, 98, 98. மூச்சை விட்ட பிறகும் 98. என் நெஞ்சு திணறி அடங்கிச் சற்று நேரம் ஆன பின் 96, 94 என்று இறங்கி, பிறகு ஏறியது. மூச்சுப் பட்டையின் அலையோ, நான் நிறுத்திய அதே விநாடியில் தட்டையாகியிருந்தது. விரல் எண் எப்போதும் பழைய செய்தி சொல்வது என்பது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம்தான். படுத்துக்கொண்டு அதைக் கேட்பது வேறு. எங்கள் மயக்க மருத்துவர் அன்று பட்டையின் அலையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

படத்தில் கோடு இல்லை. டிஃப்யூஷனிலும் இல்லை.

ஈசிஜியை நான் தொடவில்லை, தொடும் எண்ணமும் இல்லை. பலகையின் ஈசிஜிப் பகுதி மேசைமேல் அருமையாக இருக்கிறது; ஆனால் எட்டு மீட்டர் கம்பியை எந்த வழியாக வெளியே கொண்டுவருவது? அதைத் தீர்த்தாலும் உடம்பே பொய் சொல்லும். கோவைக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது எளிது: தண்ணீர்க் குழாயில் மாட்டும் காந்த ஃப்ளோ மீட்டர் எப்படி அளக்கிறது? காந்தப்புலத்தில் ஓடும் நீர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ரத்தம் உப்பு நீர், மகாதமனியில் பாய்கிறது, சுற்றிலும் 1.5 டெஸ்லா. இதயம் சுருங்கி ரத்தம் வேகமெடுக்கும் நேரம், ஈசிஜியில் டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்பின் கடைசி மேடு, வரும் நேரத்தோடு ஒட்டி வருவதால் டி அலை பூதாகரமாக வளர்ந்துவிடும். எளிய நிரல் அதையும் இதயத்துடிப்பாக எண்ணி, 80-ஐ 160 என்று காட்டும். பல லட்சம் கொடுத்து வாங்கும் எம்ஆர்ஐ மானிட்டரில்கூட, குழலுக்குள் இருக்கும்போது வரும் ஈசிஜியைப் பார்த்து மாரடைப்பு உண்டா என்று யாரும் முடிவு செய்வதில்லை. துடிப்பு எண்ணிக்கைக்கு விரல் அலையே போதும் என்று விட்டுவிட்டேன்.

2022-ல் உகாண்டாவின் ம்பராராவில், நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து, குறைந்த காந்தப்புல எம்ஆர்ஐ இயந்திரத்தையே அங்கேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். புலம் 50 மில்லிடெஸ்லாவை ஒட்டியது; எங்களுடையதில் முப்பதில் ஒரு பங்கு. அத்தகைய இயந்திரத்தருகே இழுவிசையும் சூடும் சின்னத் தொல்லைகள்தான். ஆனால் பெரும்பாலும் செப்பு அறை இல்லாமலே ஓடும் என்பதால் பலகையின் முனகல் இன்னும் பெரிய தொல்லையாகும். இயந்திரமே திறந்த வரைபடத்தில் வரும்போது அதன் மானிட்டரை மட்டும் எழுத்து சுரண்டிய சில்லுகளில் வாங்குவானேன்?

இப்போது தாழ்ந்த அளவுகளின் கதை. பல்ஸ் ஆக்சிமீட்டருக்கான ஐஎஸ்ஓ தரம், 70 முதல் 100 விழுக்காடு வரை பிழை நான்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதைச் சோதிக்க, மருத்துவக் கண்காணிப்பில் தன்னார்வலர்களின் ஆக்சிஜனைக் குறைத்து, தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். நான் 94-க்குக் கீழே எதையும் பார்க்கவில்லை. இதில் தோல் நிறமும் சேர்ந்துகொள்கிறது. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆக்சிமீட்டர் நன்றாக இருக்கிறது என்று காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. அங்கீகாரம் பெற்ற கருவிகளின் கதியே அது. என் கவ்வியைப் போட்டுச் சோதித்ததெல்லாம் என் விரலும் சகாக்களின் விரல்களும்தான். எங்கள் விரல்கள் எல்லாம் மாநிறத்துக்கு மேல் என்பது மட்டும் ஆறுதல்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பலகையைச் செய்பவர்களும் இது நோயாளிக்கான கருவி அல்ல என்று சொல்லியே விற்கிறார்கள். பலகை நல்ல பலகை. அதில் நான் கட்டியது மருத்துவக் கருவி ஆகாது. அலாரம் இல்லை. இழை நழுவினால் ‘சென்சார் கழன்றது’ என்று சொல்லத் தெரியாது, கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு இதைவிட ஆபத்தான குணம் ஒரு மானிட்டருக்கு இருக்க முடியாது. அது நான் மாற்றி எழுதிய நிரலின் குற்றம், சரி செய்துகொண்டிருக்கிறேன்.

யார் வாங்கலாம் என்று கேட்டால்: கருவி பழுது பார்ப்பவர்கள், பயோமெடிக்கல் ஆசிரியர்கள், ஒரு மானிட்டருக்குள் என்ன நடக்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வாங்கலாம். ஐந்தில் நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைக் குறைப்பது, ஈசிஜி கேபிளில் மூன்று முனைதான் என்பதற்காக. வாங்கும்போதே நைலான் திருகுகளையும், ஒரு விரல் சென்சாரை உபரியாகவும் சேர்த்து வாங்குங்கள். முதல் சென்சாரைப் பிளக்கும்போது கட்டாயம் உடைப்பீர்கள். எம்ஆர்ஐ அறைக்காக வாங்குகிறவர்கள் முதலில் சுவர்க் குழாயின் விட்டத்தையும் அங்கிருந்து காந்தக் குழலின் நடுவுக்கு உள்ள தூரத்தையும் அளந்து வாருங்கள்.

எங்களுக்குப் புதிய மானிட்டர் போன மாதம் வந்துவிட்டது. குழந்தைகளின் ஸ்கேன் மறுபடி இங்கேயே நடக்கிறது. என் பெட்டி கன்ட்ரோல் அறை அலமாரியின் கீழ்த்தட்டில், சுருட்டிய எட்டு மீட்டர் குழாயோடு இருக்கிறது. அதன்மேல் அக்கா பிளாஸ்டரில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறார்: ‘நோயாளிக்கு அல்ல. தம்பிக்கு மட்டும்.’